காளியம்மாள் பெயர் எழுதிய கப்பு

நன்னிலத்திலிருந்து தெற்கே போகும் பஸ்ஸில் ஏறி, கொத்தங்கரை ஸ்டாப்பிங் என்று கேட்டு இறங்கினால் எதிரிலேயே சேரனின் காபிக் கடை. காபி நன்றாக இருக்கும், அதில் பேச்சே இல்லை. இந்த வட்டாரத்தில் எங்கே தேடினாலும் அப்படி ஒரு காபி கிடைக்காது. ஆனால் காகிதக் கப்பில்தான் கொடுப்பார். குடித்தோமா, நசுக்கித் தொட்டியில் போட்டோமா, போனோமா என்று இருக்க வேண்டியதுதான். ஜப்பானில் பதினேழு பதினெட்டு வருஷம் இருந்து, பீங்கான் கப்பைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பழகிய மனுஷன், சொந்த ஊரில் வந்து காகிதக் கப்பிலா காபி ஊற்றுவார்? கேட்டுப் பாருங்கள். சர்க்கரை போதுமா என்பார். விடாமல் மறுபடியும் கேளுங்கள். உங்கள் பஸ் வருகிறது பாருங்கள் என்பார். பஸ் வராது.

கடைச் சுவரில் மூன்று தட்டு வைத்த மர அலமாரி ஒன்று இருக்கும். நல்ல தேக்கு, பார்த்தாலே தெரியும். இப்போது அதில் பிஸ்கட் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் அடுக்கியிருக்கிறார். பிஸ்கட் வைக்கவா ஒருவன் தேக்கில் அலமாரி செய்வான்? அதுதான் கதை.

சேரனின் அப்பா கோவிந்தராசு பண்ணை வேலை செய்தவர். அம்மா காளியம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி, இந்தப் பக்கம் ஊர்த்தெரு. இப்போது சேரனின் கடை இருக்கிற இதே இடத்தில் அந்தக் காலத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை டீக்கடை இருந்தது. உள்ளே பெஞ்சு, ரேடியோ, கண்ணாடி கிளாஸ். அதெல்லாம் ஊர்த்தெருவுக்கு. காலனி ஆளுக்குக் கொட்டகையின் ஓரக் கீற்றில் செருகி வைத்த அலுமினியத் தம்ளர். அவரே அதை உருவி எடுக்க வேண்டும். தாழ்த்தி நீட்ட வேண்டும். கடைக்காரன் பட்டுவிடாமல் உயரத் தூக்கி ஊற்றுவான். வெளியே குந்தி உட்கார்ந்து குடித்துவிட்டு, அவரே கழுவி, கவிழ்த்து, பழையபடி செருகிவிட்டுப் போக வேண்டும். அப்பா இதைச் செய்வதைச் சின்னப் பையன் சேரன் தினமும் பார்த்தான். அப்பாவுக்கு அதில் கோபம் வந்து ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. காசையும் கொடுத்துவிட்டு, ஆண்டே என்று ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வருவார். அந்தக் கடைக்காரன் மேல் வந்ததைவிட அப்பா மேல்தான் சேரனுக்கு ஆத்திரம் அதிகம் வந்தது.

தொண்ணூறுகளில் இந்தப் பக்கத்தில் ஆள்கள் கிளம்பியது மாதிரி அதற்கு முன் எப்போதும் கிளம்பியதில்லை. ஆற்றில் தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் குறுவை இல்லை. பையன்கள் திருப்பூர், துபாய், சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு திக்கில் சிதறினார்கள். சேரன் திருவாரூரில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவப் போய், பரோட்டா மாஸ்டராகி, அங்கே சாப்பிட வந்த கூத்தாநல்லூர் மூஸா பாய் கண்ணில் பட்டார். பாய்க்கு ஜப்பானில், நகோயா என்கிற ஊரில், நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடை இருந்தது. கை சுத்தமாக இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். சேரன் ஜப்பான் எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை. இந்த ஊர் இல்லை அல்லவா, அது போதும் என்று கிளம்பிவிட்டார். காளியம்மாளைப் பொறுத்தவரை ஜப்பான் என்பது சிங்கப்பூருக்குப் பக்கத்துத் தெரு. மகனுக்கு எள்ளுருண்டை கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

நகோயாவில் பாய் கடைக்கு இரண்டு தெரு தள்ளிப் பழைய காபிக் கடை ஒன்று. அதை நடத்தியவர் தொமிகோ என்கிற அம்மாள். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக நடத்தி வந்தார். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் போய் ஒரு காபி சொன்னால், கட்டைவிரல் தடிமனுக்கு வாட்டிய ரொட்டியும் ஓர் அவித்த முட்டையும் கூடவே சும்மா வரும். சும்மா! நம் ஊரில் ஒருவன் இப்படிக் கொடுத்தால், வீட்டில் இருக்கிற கைக்குழந்தையைக்கூடத் தூக்கி வந்து உட்கார வைத்துவிடுவோம். அங்கே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர்கள் ஒரே ஒரு காபியை முன்னால் வைத்துக்கொண்டு பேப்பர் முழுவதையும் படித்து முடிப்பார்கள். வேறு என்ன வேண்டும் என்று யாரும் பக்கத்தில் வந்து நிற்கமாட்டார்கள். உட்கார்ந்த உடனே கை துடைக்கச் சூடான ஈரத்துண்டைச் சுருட்டித் தருவார்கள்.

ரொட்டி மேல் வெண்ணெய், அதன் மேல் சிவப்புப் பயறை வேகவைத்துச் சர்க்கரை போட்டுக் கிளறிய பூரணம். முதல் தடவை அதைப் பார்த்துச் சேரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காளியம்மாள் வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் வெல்லம் கிடைத்தால், கொழுக்கட்டைக்குள் ஒளித்து வைக்கிற சரக்கு. இங்கே அதைப் பட்டவர்த்தனமாக ரொட்டி மேல் பூசிக் கொடுக்கிறார்கள். தொமிகோ காபியை வடிகட்டியதும் துணிப் பையில்தான். நம் டீக்கடைத் துணி வடிகட்டியேதான், என்ன, இந்த அம்மாள் அதைத் தினமும் துவைத்தார்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. சேரன் வாய் வைத்துக் குடித்த வெள்ளைக் கப்பை எடுத்துப் போய்த் தொமிகோ தன் கையால் கழுவுவார், துடைப்பார், அதே கப்பில் அடுத்து வந்தவருக்குக் காபி ஊற்றுவார். அடுத்தவரும் மடக் மடக்கென்று குடிப்பார். சேரன் இதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். காபி குடிக்கப் போனதைவிட இதைப் பார்க்கத்தான் தினமும் போனார் என்றாலும் தப்பில்லை.

அப்படி இருக்கும்போது, ஒரு குளிர்காலக் காலையில் தொமிகோ அவருக்கு வேறு ஒரு கப்பில் காபி கொண்டுவந்து வைத்தார். பழுப்பு நிறம், கொஞ்சம் கனம். பக்கத்து மேஜையைப் பார்த்தார், வெள்ளைக் கப்பு. எதிர் மேஜை, வெள்ளைக் கப்பு. சரி, கழுவுகிறபோது கலந்துவிட்டது போல என்று மனதைத் தேற்றிக்கொண்டார். குடித்து முடித்ததும் தொமிகோ அந்தப் பழுப்புக் கப்பை மட்டும் தனியாகக் கழுவினார். தனியாகத் துடைத்தார். வெள்ளைக் கப்புகளோடு அடுக்காமல், முதுகுப் பக்கம் இருந்த அலமாரியில் தனியாகக் கொண்டுபோய் வைத்தார். மறுநாளும் அதே கப்பு வந்தது.

சேரனுக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. கடல் தாண்டி வந்தும் அந்த அலுமினியத் தம்ளர் துரத்திக்கொண்டு வந்துவிட்டதே! யார் சொல்லியிருப்பார்கள் இவளுக்கு? இந்த ஊரில் தன் ஊரும் தெருவும் தெரிந்த ஒரே ஆள் மூஸா பாய்தான். நேரே போய், நீங்கள்தானே சொன்னீர்கள் என்று பாயிடம் சண்டைக்கு நின்றார். என்னத்தைச் சொன்னேன் என்று பாய் முழித்தார். அதை வாய்விட்டுச் சொல்லச் சேரனுக்கு நா எழவில்லை. அதோடு தொமிகோ கடைக்குப் போவதை நிறுத்தினார். அந்தத் தெருவையே விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

ஒருநாள் மழையில் குடை பிடித்துக்கொண்டு தொமிகோவே பாய் கடைக்கு வந்துவிட்டார். சேரனைப் பார்த்து இடுப்பு வரைக்கும் குனிந்தார். நான் என்ன தப்பு செய்தேன், சொன்னால் திருத்திக்கொள்வேன் என்று கேட்டார். சேரனுக்கு அப்போது அவர்கள் பேச்சு அவ்வளவாகப் பிடிபடவில்லை. பாய்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மொழிபெயர்த்தார். கப்பு, தனிக் கப்பு என்று சேரன் திக்கித் திணறி ஆரம்பித்ததுமே பாய்க்கு விளங்கிவிட்டது. அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே. அதை மொழிபெயர்க்காமல் தொமிகோவையே பேச விட்டார். கேட்டுவிட்டுச் சேரன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, வாடிக்கையா வர்ற ஆளுக்குத்தான் அந்த அலமாரியில கப்பு வெப்பாங்களாம். டாக்டரு கப்பு இருக்காம், முடி வெட்டுறவரு கப்பு இருக்காம், செத்துப்போன அந்தம்மா வீட்டுக்காரரு கப்பும் அதுலதான் இருக்காம். கடைக்குப் புதுசா வர்றவனுக்குத்தான் வெள்ளைக் கப்பு. அந்தம்மா உனக்கு மாலை போட்டிருக்குடா. நீ அதைக் கயிறுன்னு நெனச்சிட்டே."

சேரன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். ஏன் அழுகிறான் என்று தொமிகோ கேட்டதற்கு, வெங்காயம் என்றார் பாய். மறுநாளிலிருந்து சேரன் மறுபடி அங்கே போக ஆரம்பித்தார். அப்புறம் பாய் கடையை மூடிவிட்டுக் கூத்தாநல்லூருக்கே திரும்பியபோது, தொமிகோவிடமே வேலைக்குச் சேர்ந்தார்.

வேலையில் இருக்கும்போதுதான் அப்பா இறந்த செய்தி போனில் வந்தது. போய்ச் சேர வழியில்லை. தொமிகோ விஷயம் கேட்டுவிட்டு உள்ளே போனார். சோற்றை லேசாக இடித்து உருட்டி, அதன் மேல் பயற்றுப் பூரணத்தை மொத்தமாகப் பூசி எடுத்து வந்தார். செத்தவர்களுக்குப் படைக்கிற இனிப்பு அது, கொழுக்கட்டையை உள்ளும் புறமுமாகத் திருப்பிப் போட்டது மாதிரி இருக்கும். உன் அப்பாவுக்கு இந்த அலமாரியில் ஒரு கப்பு வைத்துவிடுவோம், என் வீட்டுக்காரருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றார் தொமிகோ. சேரன் வேண்டாம் என்றார். எங்கள் அப்பாவுக்கு ஆயுசு முழுக்கத் தனிக் கப்புதான், இனி எல்லோரும் குடிக்கிற வெள்ளைக் கப்பிலேயே ஊற்றுங்கள் என்றார். தொமிகோவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் அப்படியே ஊற்றிப் படைத்தார். படைத்துக் கழுவிய கப்பில் அடுத்த ஆளுக்குக் காபி போயிற்று. அதைப் பார்த்த பிறகுதான் சேரனுக்கு நெஞ்சு ஆறியது.

வருஷங்கள் போகப் போக மனசு கொஞ்சம் இளகியது. விடுப்பில் ஊருக்கு வந்து நீலாம்பாளைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பிய வருஷம், கடைக்குக் கப்பு வாங்கச் செத்தோ என்கிற பீங்கான் ஊருக்குத் தொமிகோவுடன் போயிருந்தார். பேர் எழுதிச் சுட்டுத் தருகிறோம் என்றார்கள். சேரன் ஒரு தாளில் காளியம்மாள் என்று தமிழில் எழுதிக் கொடுத்தார். ளகரத்துச் சுழி கொஞ்சம் கோணிப்போயிருந்தாலும் நீல எழுத்தில் பளிச்சென்று வந்தது. தொமிகோ அதை மேல் தட்டில், சேரன் கப்புக்குப் பக்கத்தில் வைத்தார். குடிக்க ஆள் வராத கப்பு அது. ஆனாலும் வாராவாரம் எடுத்துக் கழுவி வைப்பார். உன் அம்மா எப்போது வருவார் என்று கேட்பார். வருவார் என்பார் சேரன். எங்கே வருவது, காளியம்மாள் திருவாரூரைத் தாண்டியதில்லை.

தொமிகோ படுத்தார், பிறகு போய்விட்டார். கடையை மகள் விற்றாள். இடித்துக் கார் நிறுத்துகிற இடமாக ஆக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, அவரவர் கப்பை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். சேரன் இரண்டு கப்பை எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

ஊரில் ஒன்றே ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அந்த டீக்கடை இருந்த அதே இடத்தில், நாற்காலியில் உட்கார்ந்து, தன் பெயர் எழுதிய கப்பில் அம்மா ஒரு காபி குடிக்க வேண்டும். வேறு இடமே கிடைக்காதா என்று நீலாம்பாள் தலையில் அடித்துக்கொண்டார். கேட்டால்தானே. இடம் ஊர்த்தெரு வைத்தியலிங்கத்துடையது. கொட்டகை போய் மூன்று கடை வைத்த கட்டடமாகியிருந்தது. வைத்தியலிங்கத்தின் பிள்ளைகள் இரண்டு பேரும் அமெரிக்காவில். நிலத்தில் பாதியைப் பிளாட் போட்டாயிற்று. நாள் முழுக்கப் பேச ஆள் தேடிக்கொண்டிருந்த மனுஷர். தாராளமாக வையேன் சேரா, ஜப்பான்காரன் வந்தால் ஊருக்குத்தானே பெருமை என்றார். அப்பா ஆண்டே என்று கும்பிட்ட வீட்டு ஆளைச் சேரன் சார் என்று கூப்பிட்டார். வைத்தியலிங்கம் அதையும் ஏற்றுக்கொண்டார். காலம் மாறித்தான் விட்டது என்று சேரன் நம்பினார்.

கடை திறந்த புதிதில் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. கை துடைக்கக் கொடுத்த சூட்டுத் துண்டில் முகம், கழுத்து, கக்கம் வரைக்கும் துடைத்துக்கொண்டு, முதுகுக்கு இன்னொன்று கிடைக்குமா என்றார்கள். காபிக்குச் சும்மா வருகிற முட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, முட்டை சாப்பிடாதவர்களுக்கு என்ன தருவாய், வடை கொடு என்றார்கள். காராமணியை வேகவைத்து நாட்டுச் சர்க்கரையில் கிளறி வெண்ணெய் ரொட்டி மேல் பூசிக் கொடுத்தார். கொழுக்கட்டை ரொட்டி என்று பெயர் வைத்து, கேலி செய்துகொண்டே தின்று தீர்த்தார்கள். கடல்பாசியில் காபியை ஊற்றி உறைய வைத்து அதன் மேல் பால் விட்டுத் தந்தார். பிள்ளைகள் அதற்கென்றே பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். சேரனுக்குத் தலைகால் புரியவில்லை.

அலமாரியைத் தேக்கில் செய்தது அப்போதுதான். மேல் தட்டின் நட்டநடுவில் முதல் கப்பாக அம்மாவின் கப்பை வைத்தார். பக்கத்தில் தன்னுடையது. தொடர்ந்து வருகிறவர்களுக்குப் பெயர் எழுதிய கப்பு என்று அறிவித்தார். பஸ் கண்டக்டருக்கு ஒன்று, காலனியிலிருந்து காலேஜ் போகிற பிள்ளைகளுக்கு, அதே காலனியின் விவசாயக் கூலிச் சங்கத்துக்காரருக்கு, வங்கி அம்மாளுக்கு, வைத்தியலிங்கத்துக்கு என்று அலமாரி நிறைந்தது. எல்லாம் கலந்துதான் இருந்தது. யார் கப்புக்குப் பக்கத்தில் யார் கப்பு என்று அவர் பார்த்து வைக்கவில்லை.

வர வேண்டிய ஆள் மட்டும் வரவில்லை. அந்த இடத்துக்கா, அப்புறம் வரேன்டா, வேலை கிடக்கு என்று காளியம்மாள் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். சேரன் பிளாஸ்கில் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொடுப்பார். அங்கே வந்து உன் கப்பில் குடிக்க வேண்டும், உன் பெயரே எழுதியிருக்கிறது என்பார். வரேன் என்றுதான் சொன்னேனே என்பார் காளியம்மாள்.

அந்தச் சமயத்தில்தான் குஞ்சிதபாதம் வந்தார். ஊர்த்தெருப் பெரியவர். வெளியில் எங்கேயும் வாய் வைக்கமாட்டார், கல்யாணத்துக்குப் போனாலும் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிற ரகம். அவரே கடை தேடி வந்து உட்கார்ந்து காபி குடித்தார் என்றால் சேரனுக்கு எப்படி இருந்திருக்கும்! அவரைத் தொடர்ந்து, இதுவரை இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஊர்த்தெரு ஆள்கள் குடும்பத்தோடு வந்தார்கள். கொஞ்ச நாளில் குஞ்சிதபாதம் தன் கப்பைத் தனி வாளித் தண்ணீரில் கழுவச் சொன்னார். வயதானவர், உடம்புக்கு என்னவோ என்று சேரன் ஒரு வாளி வைத்தார். பிறகு வாளி இரண்டாயிற்று. வேறு சிலர் வீட்டிலிருந்தே கப்பு கொண்டுவந்து, இதில்தான் எங்களுக்கு என்றார்கள்.

பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிற நீலாம்பாளுக்கு இதெல்லாம் புரிய ரொம்ப நாள் ஆகவில்லை. "அந்தக் காலத்துல தம்ளரு நமக்குத் தனியா இருந்துச்சு. இப்ப அவங்களுக்குத் தனியா வேணுமாம். நீங்க பீங்கான்ல செஞ்சு, பேரும் எழுதிக் குடுத்திருக்கீங்க" என்றார். சேரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உனக்கு எதைப் பார்த்தாலும் குற்றம்தான், ஜப்பானில் டாக்டரும் முடிவெட்டுகிறவரும் ஒரே அலமாரி என்று கத்தினார். இது ஜப்பானா என்று மட்டும் நீலாம்பாள் கேட்டார். அந்த வாரம் முழுக்கச் சேரன் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒருநாள் வைத்தியலிங்கம் காபியைக் குடித்துவிட்டு, நல்ல மனநிலையில், சேரனைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

"சேரா, நீ போட்டிருக்கிற ஏற்பாடு அருமையான ஏற்பாடுப்பா. யாருக்கும் மனசு நோகாம, அவங்கவங்க கப்பு அவங்கவங்களுக்குன்னு வெச்சிட்டே. எங்க தெரு இங்க வந்து குடிக்குதுன்னா அதனாலதான். என்ன, அம்மா கப்பு மட்டும் மேல நடுவுல இருக்கு பாரு. எனக்கு ஒண்ணுமில்ல. வர்றவங்க பார்க்குறாங்க. கீழ எடுத்து வெச்சுக்க."

சேரன் பேசியிருக்க வேண்டிய இடம் அதுதான். கடையை ஏறக்கட்டிக்கொண்டு போயிருக்க வேண்டிய இடமும் அதுதான். ஆனால் அன்றைக்குக் கடை நிறைந்திருந்தது. ஊர் முழுக்க அவர் கடையில் உட்கார்ந்திருந்தது. பிறந்ததிலிருந்து அவர் பார்க்க ஆசைப்பட்ட காட்சி அது. அம்மா குள்ளம், மேல் தட்டு கைக்கு எட்டாது, கீழே இருந்தால் அவரே எடுத்துக்கொள்வார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கப்பைக் கீழ்த் தட்டின் ஓரத்தில் வைத்தார். அது மட்டும் தனியாகக் கிடந்தால் நன்றாக இல்லையே என்று, சங்கத்துக்காரர் கப்பையும் காலேஜ் பிள்ளைகளின் கப்புகளையும் எடுத்து அதோடு சேர்த்து வைத்தார். தன் கப்பு மட்டும் மேலேயே இருந்தது. கடைக்காரன் கப்பு அல்லவா. நீலாம்பாள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பாத்திரச் சத்தம்தான் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

தை முடிந்து நூறு நாள் வேலையில் சாலையோர வாய்க்காலைத் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். காளியம்மாளும் அதில் இருந்தார். நல்ல முற்பகல், கடையில் கூட்டம். சேரன் துணி வடிகட்டியில் வெந்நீரை மெல்ல விட்டுக்கொண்டிருந்தார், பாதியில் நிறுத்த முடியாத வேலை. யாரோ உள்ளே வருகிற நிழல் தெரிந்தது. நிமிர்ந்தால் அம்மா. அலமாரிக்குப் போய், குனிந்து, கீழ்த் தட்டிலிருந்து தன் கப்பை எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி வாசற்படிக்கு வெளியே போய் நின்றார். கை மட்டும் உள்ளே நீண்டிருந்தது.

சேரன் ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உள்ள வந்து உக்காரும்மா."

"காலெல்லாம் சேறுடா. நீ ஊத்து."

துண்டு கொண்டுவருகிறேன், கழுவிக்கொள்ளலாம், சேறானால் என்ன என்று சேரன் கெஞ்சிப் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்கள் பேப்பரில் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். வைத்தியலிங்கம் மட்டும் நிமிர்ந்து, வாம்மா காளி என்று அன்பாகத்தான் சொன்னார். காளியம்மாள் கையைப் பின்னுக்கு எடுக்கவில்லை. ஆறுகிறது ஊற்றுடா என்றார். சேரன் ஊற்றினார். அம்மா கப்பை இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்திருந்ததால் உயரத்திலிருந்துதான் ஊற்ற வேண்டியிருந்தது.

காளியம்மாள் வாசலுக்குப் பக்கவாட்டில் நிழலாகப் பார்த்துக் குந்தி உட்கார்ந்து, ஊதி ஊதிக் குடித்தார். குழாயில் கப்பைக் கழுவினார். முந்தானையில் துடைத்தார். பழையபடி உள்ளே வந்து கீழ்த் தட்டின் ஓரத்தில் கவிழ்த்து வைத்தார். காபி நல்லா இருக்குடா என்று முகம் மலரச் சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மதியத்துக்குள் சேரன் அலமாரியைக் காலி செய்தார். கப்புகளை ஒரு சாக்கில் போட்டு ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார், காலனியிலும் ஊர்த்தெருவிலும். மறுநாள் காகிதக் கப்பு வந்தது. ஊர்த்தெரு வராமல் போய்விடும் என்றுதான் எதிர்பார்த்தார், வராமல் போகட்டும் என்றும் நினைத்தார். ஆனால் ஒருவரும் வருவதை நிறுத்தவில்லை. யார் வாயும் படாத கப்பு, இது இன்னும் சுத்தம் என்று வைத்தியலிங்கம் தட்டிக் கொடுத்தார். குஞ்சிதபாதத்துக்கு ரொம்பத் திருப்தி.

காலி செய்த அன்று சாயங்காலம், அம்மாவின் கப்பைத் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். காளியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சேரன் பக்கத்தில் உட்கார்ந்து, அவரும் நாலு தண்டை எடுத்து ஆய்ந்தார். முற்பகலிலிருந்து நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கேட்டார்.

"ஏம்மா, உனக்குத்தான் எழுத்துத் தெரியாதே. அத்தனை கப்புல உன் கப்பு எதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

காளியம்மாள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதுக்கு எழுத்து எதுக்குடா? கீழ கடைசியா இருந்துச்சு."